வடிந்தது தண்ணீர் மட்டும்தான்

“தண்ணி வடிஞ்சிருச்சு, இனிமே பயமில்ல.” 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகு வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் வாசலுக்கு வாசல் இதே பேச்சுதான். சொன்ன கையோடு வேட்டியை மடித்துக் கட்டி, துடைப்பத்தோடு வெறுங்காலில் உள்ளே இறங்கினார்கள். பயப்பட வேண்டிய நேரமே அப்போதுதான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

“கரண்ட்தான் இல்லையே” என்பார்கள். தெருவில் இல்லை, சரி. வீட்டில்? மாடிப்படித் திருப்பத்தில் இருந்ததால் நனையாமல் தப்பிய இன்வெர்ட்டர், அதே 230 வோல்ட்டை ஈரச் சுவருக்குள் அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஈ.பி. மெயினை அணைத்தால் அது விழித்துக்கொள்ளும். அதன் வேலையே அதுதான். போன கரண்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதில்லை. ஈரத்தில் நின்றபடி போர்டில் கைவைப்பதைவிட, ஒரு நாள் போனாலும் எலக்ட்ரீஷியன் வரும்வரை வாசலோடு நிற்பது மேல். ‘வீட்டைப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கான்’ என்று ஏசுவதற்கு எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா உண்டு. ஏசட்டும்.

நெடி மூக்கில் ஏறினால்தான் கிருமி சாகும் என்பதோ நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரு மதம். பிளீச்சிங் பவுடரைத் தூவி, போதாதென்று கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் அதன்மேல் ஊற்றுகிறோம். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மன் படை எதிரிகள்மீது திறந்துவிட்ட அதே சரக்கு. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்கிறவர், இருமல் வந்ததும் ‘நல்லா வேலை செய்யுது’ என்று திருப்திப்படுகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், சேற்றின்மேல் தூவிய பிளீச்சிங்கின் வீரியம் அந்தச் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். சேற்றை வாரி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகு, ஜன்னல்களைத் திறந்து வைத்து பிளீச்சிங்கை மட்டும் தனியே போட்டால் போதும்.

வெறுங்காலுக்கு வருகிறேன். எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீருக்கு ஒரு பித்தவெடிப்பு போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக. கம்பூட் போட்டால் கேலி செய்கிறார்கள். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் தரை பளபளத்திருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பார்கள். நாமும் வெள்ளத்தில் நின்றதையே மறந்து, மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வந்து படுத்துவிடுவோம்.