பச்சைக் குழந்தைக்கு ஒரு சொட்டு ரத்தச் சோதனை!

"தாய்மாமன் இருக்க, வெளியில் மாப்பிள்ளை தேடுவானேன்?"

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் கேட்கும் பேச்சு இது. தெரிந்த குடும்பம், நிலமும் கைமாறாது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கு இது.

அவர்களுடைய குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனாலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

உடம்பின் வேலையாள்

சாப்பிட்ட உணவை உடம்புக்கு ஏற்றபடி மாற்றும் வேலையாள்தான் 'என்சைம்'. அதை எப்படிச் செய்வது என்று உடம்புக்குச் சொல்வது மரபணு. தாய் கொடுப்பது ஒன்று, தகப்பன் கொடுப்பது ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். இரண்டும் பழுதானால்?

பால், பருப்பு, கறியில் 'பினைல் அலனின்' என்ற பொருள் உண்டு. ஈரலில் உள்ள ஓர் என்சைம் அதை மாற்றுகிறது. அந்த என்சைம் இல்லாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கும். மூளை வளர்ச்சி கெடும். 1934-ல் நார்வே டாக்டர் பாலிங் கண்டறிந்த இந்த நோய்க்குப் பெயர் 'பினைல்கீட்டோனூரியா'. அபூர்வமான நோய்தான். ஆனால் இதுபோல் என்சைம் கோளாறுகள் பல உண்டு.

பாட்டனிடமிருந்த ஒரு பழுது, பேரனுக்கும் பேத்திக்கும் வரலாம். இருவருக்கும் அது வந்திருந்து, அவர்களே மணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு!

மருமகள் மேல் பழி ஏன்?

குழந்தை மந்தமாக இருந்தால், "இவள் வந்த ராசி" என்று மருமகளை ஏசுகிறார்கள். என்ன அநியாயம்! பழுதில் பாதி மகன் கொடுத்ததல்லவா?

வழி இருக்கிறது

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டர் ராபர்ட் கத்ரி எளிய சோதனை ஒன்றைக் கண்டுபிடித்தார். பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தாளில் எடுத்தால் போதும். முதல் வாரங்களிலேயே தெரிந்தால், டாக்டர் சொல்லும் தனி உணவால் மூளையைக் காக்கலாம். தாமதித்தால், போன மூளை திரும்பாது.

அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பிரசவம் நடக்கும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இந்தச் சோதனை வழக்கமாக வேண்டும். கேட்பது பெற்றோர் கடமை. செய்து கொடுப்பது அரசின் கடமை.

சொந்தத்தில் சம்பந்தம் பேசும்போது நகையையும் நிலத்தையும் பேசுகிறோம். குடும்பத்தில் பச்சைக் குழந்தைகள் இறந்ததுண்டா, மூளை வளராத பிள்ளை உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால், முதலில் டாக்டரிடம் போங்கள். பிறகு பாக்கு வெற்றிலை மாற்றலாம்.