ஈரலைப் பற்றி ஒரு வரி அச்சிட்டால் என்ன?

‘முழு உடற் பரிசோதனை, விசேட விலைக்கழிவு’ என்ற விளம்பரம் வாட்ஸ்அப்பில் வராத வாரம் இல்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இரத்தம் எடுக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளை காசு கட்டுகிறது. பின்னேரம் ரிப்போட் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. அதில் எஸ்.ஜி.பி.ரி.க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வீட்டில் அன்றிரவு சோறு இறங்காது. குறி இல்லையென்றால் ஈரல் நல்லாயிருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். அந்த நிம்மதிதான் என்னைப் பயப்படுத்துகிறது.

எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. இரண்டும் ஈரற்கலங்கள் காயப்படும்போது இரத்தத்தில் கசிகிற நொதியங்கள். ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவை சொல்லா. அதற்கு அல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம் எல்லாம் பார்க்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.ரி. தசையிலும் இதயத்திலும்கூட இருக்கிறது. நாள் முழுக்க நெல்மூட்டை தூக்கியவர் மறுநாள் காலை இரத்தம் கொடுத்தால், ஈரலில் ஒரு குறையும் இல்லாமலே அது ஏறி நிற்கலாம். டெங்கு ஏற்றும், எலிக்காய்ச்சல் ஏற்றும், காசநோய் மருந்தும் ஏற்றும். எஸ்.ஜி.பி.ரி.யைப்போல் இரு மடங்குக்கு மேல் எஸ்.ஜி.ஓ.ரி. நின்றால் சாராயம், கசிப்பு பற்றி விசாரிக்க வேண்டும். விசாரிக்க வேண்டியவர் வைத்தியர். விளம்பரப் பொதியில் அவர் இல்லை.

ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.ரி.யால் பெருக்கி, அதை ஆயிரங்களில் எடுத்த குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.ரி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். விடை 1.3க்குக் கீழ் என்றால் ஈரலில் கடும் தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67க்கு மேல் என்றால் உடனே ஆளைப் பார்க்க வேண்டும். 36 வயது இளைஞரை எடுங்கள்: எஸ்.ஜி.ஓ.ரி. 50, எஸ்.ஜி.பி.ரி. 100, சிறுதட்டு இரண்டரை இலட்சம். ரிப்போட்டில் இரண்டு நட்சத்திரம், கணக்கிலோ 0.72. அறுபது வயது அம்மா ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.ரி. 38, எஸ்.ஜி.பி.ரி. 25, சிறுதட்டு ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். நொதியத்தில் ஒரு நட்சத்திரமும் இல்லை. கணக்கு 4.1 காட்டுகிறது! இளைஞர் பதறிக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறுவார், அம்மா வீட்டில் இருப்பார்.

‘நேரத்துக்கே கண்டுபிடிக்கத்தானே செய்கிறோம்’ என்கிறார்கள் ஆய்வுகூடக்காரர். கண்டுபிடிக்கிறவர்கள் இந்த அம்மாவை ஏன் தவறவிடுகிறார்கள்? ‘கணக்கை அச்சிட்டால் சனம் குழம்பும்’ என்பவர்கள், நட்சத்திரத்தை அச்சிட்டு ஏற்கெனவே குழப்பிவிட்டதை மறந்துவிட்டார்கள். இது வியாபாரம். வைத்தியம் என்ற பெயரை இதற்குக் கொடுக்காதீர்கள்.

2009இல் செட்டிகுளம் முகாம்களில் செங்கமாரி பரவியதைப் பார்த்த சனம் நாங்கள். ஈரல் வருத்தம் என்றால் கண் மஞ்சளாகும், கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தால் மாறும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கொழுப்பு ஈரல் கண்ணை மஞ்சளாக்காமல், வலியும் காட்டாமல் வருடக்கணக்கில் தழும்பேற்றும். அது கொழும்புக்காரரின் வருத்தம் என்பவர்களுக்கு இரண்டு எண்கள். ராகமவில் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது: 32.6 வீதத்தினருக்குக் கொழுப்பு ஈரல். 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு, உடல் முறிய உழைக்கும் ஏழைத் தோட்டத் தொழிலாளரைப் பார்த்தது. அங்கும் 18 வீதம்! வெயிலில் மண்வெட்டி பிடிப்பவருக்கு ஈரலில் கொழுப்பு வராது என்ற கதை அதோடு முடிந்தது. முத்தையன்கட்டு வயலில் நிற்பவருக்கு மட்டும் உடம்பு வேறா?

ஃபிப்-4 ஐ அச்சிட ஒரு சதமும் செலவில்லை. தேவையான நான்கு எண்களும் ஆய்வுகூடக் கணினியிலேயே கிடக்கின்றன. 35 வயதுக்குக் கீழும் திடீர்க் காய்ச்சலிலும் அந்தக் கணக்கு சரிவராது. அதையும் ஒரு வரியில் போடலாம். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவைப் புதுப்பிக்கும்போது இதைக் கட்டாயமாக்குங்கள். வைத்தியரின் துண்டு இல்லாமல் நொதியப் பரிசோதனையைப் பொதியில் சேர்ப்பதைத் தடை செய்யுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இதற்குச் சட்டத்தைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம், அடுத்த மாத ரிப்போட்டிலேயே அச்சிடலாம். அதைச் செய்தால், வயிறு வீங்கிய பிறகு அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் கொண்டு ஓடும் நிலை வன்னியில் பலருக்கு வராமல் தடுக்கலாம்.