கணிப்பொறி கண் விழிக்காவிடின்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவினர் டெபியன் லினக்ஸை அடியொற்றி ஆக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இடம்பெற்றது. பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்த நம் குடும்பங்கள் சிலவற்றில் அப்பொறிகள் இன்றும் உழைக்கின்றன.

ஒருநாள் அது விழிக்க மறுத்துக் கருந்திரை காட்டினால், ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்று சொல்ல எவரேனும் ஆயத்தமாக இருப்பார். அன்பர்களே, இசைந்துவிடாதீர்கள்! ஊர்த் திருமணப் படங்களும், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகளும் அச்சொல்லோடு போய்விடும். பெரும்பாலும் அவை வட்டில் பழுதின்றியே இருக்கின்றன.

எனவே, முதல் வேலை பழுது நீக்குவதன்று, படியெடுப்பது. வேறொரு கணினியில், வெறுமையான பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை எழுதிக்கொண்டு, அதிலிருந்தே நம் பொறியை இயக்கலாம். ‘நிறுவாமல் பயன்படுத்துக’ என்பதைத் தேர்ந்தால் பழைய வட்டு தீண்டப்படாது. கோப்புகளை வேறொரு வட்டுக்கு மாற்றிய பின்னரே மற்றவை.

அடுத்து, பொறி எவ்விடத்தில் நிற்கிறது என்று நோக்குக. ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றால், லினக்ஸை எழுப்பும் வாயிற்காவலன் தன் கோப்புகளைக் காணாது தவிக்கிறான் என்று பொருள். லினக்ஸின் சுவடே இன்றி விண்டோஸ் மட்டும் எழுந்தால், அதை மீண்டும் நிறுவிய எவரோ காவலனை அகற்றிவிட்டனர். பழைய பொறிகளில் வட்டின் முதல் 512 பைட்டில்தான் அவன் குடியிருப்பு. புது விண்டோஸ் கேளாமலே அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும். இரு நிலையிலும், பென் டிரைவ் வழியே கிரப்பை மீண்டும் நிறுவுதல் வேண்டும்.

‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நின்றாலோ, மின்தடையை ஐயுறலாம். பழைய மடிக்கணினியின் பாட்டரி ஓய்ந்திருக்கும். மின்சாரம் நின்ற நொடியே பொறியும் அணைய, எழுத்து வேலை பாதியில் அறுபடும். ‘எஃப்.எஸ்.சி.கே.’ கட்டளையை இயக்குமாறு திரையே பெரும்பாலும் கூறி, பகுதியின் பெயரையும் காட்டும். ஆனால் வட்டு ‘டக் டக்’கென ஒலித்தால் அக்கட்டளை வேண்டா, நலிந்த வட்டை அது மேலும் வருத்தும். அந்நிலையில் பொறியை உடனே அணைத்து, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் தருக.

புதுப்பித்த மறுநாளே தொல்லை வந்ததாயின், கிரப் பட்டியலின் ‘கூடுதல் தெரிவுகள்’ பகுதியில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள். பலமுறை இதுவே போதும்.

கடவுச்சொல் சரியாயிருந்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வந்தால், வட்டு நிரம்பி வழிகிறதா என்று பார்க்க. பிள்ளைகள் இறக்கிவைத்த திரைப்படங்களே பெரும்பாலும் காரணம்!