ஆலயத்திற்கு வழி உண்டு. வழிக்குப் பத்திரம் உண்டா?

திருவிழாக் காலம் நெருங்கிவிட்டால் ஆலயந்தோறும் ஏற்பாடுகள் களைகட்டுகின்றன. கொடியேற்றம், பால்குடம், கரகம், காவடி, தீமிதி, இரத ஊர்வலம் என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள் நியமிக்கப்படுகின்றனர். உபயக்காரர்கள் தத்தம் நாளுக்குரிய பூசைக்கும் அன்னதானத்திற்கும் வேண்டியவற்றைத் திரட்டுகின்றனர். கோபுரத்திற்கு வண்ணம் பூசுவது பற்றியும் நாதஸ்வரக் குழுவினரை வரவழைப்பது பற்றியும் நிர்வாகக் கூட்டங்களில் நெடுநேரம் பேசப்படுகிறது. ஆனால், பக்தர்கள் ஆலயத்தை வந்தடையும் பாதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பல கூட்டங்களில் எழுவதே இல்லை.

தோட்டம் கைமாறும் நாளில்தான் அக்கேள்வி எழுகிறது. புதிய உரிமையாளர் எல்லையில் வேலி அமைக்கிறார். பாட்டன் காலம் முதல் கரகமும் காவடியும் வந்த செம்மண் சாலையின் குறுக்கே இரும்புக் கதவு முளைக்கிறது. "தலைமுறை தலைமுறையாக நடந்த வழியாயிற்றே" என்று ஆலயத்தார் முறையிடுகின்றனர். அம்முறையீட்டில் நியாயம் இருக்கலாம். ஆயினும், தீபகற்ப மலேசியாவின் நிலச் சட்டம் நெடுநாள் புழக்கத்தை உரிமையாக ஏற்பதில்லை. ஆலயப் பொறுப்பாளர்களும் புரவலர்களும் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே.

நீண்ட காலப் பயன்பாடே உரிமை என்னும் நம்பிக்கை வெறும் அறியாமையால் பிறந்ததன்று. முன்னோர் புறப்பட்டு வந்த பழைய சென்னை மாகாணத்தில் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் நடப்பில் இருந்தது. பிறர் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் இடையூறின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்து வந்தவருக்கு அவ்வழியில் பாத்தியம் உண்டு என்பது அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு. கிராமத்தில் 'வழிநடைப் பாத்தியம்' என்று பேசப்படுவது இதுவே. அந்த மண்ணின் வழக்கம் இந்த மண்ணிலும் செல்லும் என்று பலர் எண்ணிவிட்டதில் வியப்பில்லை.

இங்குள்ள நிலைமை வேறு. தேசிய நிலச் சட்டம் 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1966 ஜனவரி 1ஆம் தேதி முதல் நடப்புக்கு வந்தது. 2020ஆம் ஆண்டில் அது திருத்திப் பதிப்பிக்கப்பட்டு 828ஆம் சட்டமாக விளங்குகிறது. 1858ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் பதிவு முறையே இதற்கு அடிப்படை. அம்முறையில் பதிவேடே பேசும். எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அரசாங்க நிலம் சொந்தமாகாது என்கிறது 48ஆம் பிரிவு. தனியார் நிலத்தை எவ்வளவு காலம் பிறர் அனுபவித்து வந்தாலும், பதிவு பெற்ற உரிமையாளர் அதனை மீட்கத் தடையில்லை என்கிறது 341ஆம் பிரிவு. பிறர் நிலத்தின் மீதான வழிக்கும் இதே நிலைதான்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. சட்டத்தின் 17ஆம் பகுதி 'ஈஸ்மெண்ட்' எனப்படும் வசதியுரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஒரு நில உரிமையாளர், மற்றொரு நில உரிமையாளரின் நிலம் பயன்பெறும் பொருட்டு, தமது நிலத்தின் மீது அளிக்கும் உரிமை அது. 17ஏ பாரத்தில் எழுதி, நில அலுவலகத்தில் பதிவு செய்தால் அது இரு நிலங்களின் பட்டாவிலும் ஏறுகிறது. நிரந்தரமாகவும் அளிக்கலாம், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கும் அளிக்கலாம். பிறகு நிலம் எத்தனை கை மாறினாலும் வாங்குபவர் அதற்குக் கட்டுப்பட்டவரே. தோட்டத்து நிர்வாகி நல்லெண்ணத்தோடு வாய்மொழியாகத் தந்த அனுமதிக்கு இந்த வலிமை கிடையாது. எழுதிய உடன்பாட்டை வைத்துக்கொண்டு, பதிவு இல்லாத நிலையிலும் நீதிமன்றத்தில் நியாயம் கோர இடமுண்டு என்றாலும், அது காலத்தையும் பொருளையும் விழுங்கும் வழக்காகிவிடும்.

எழுதும்போதும் கவனம் வேண்டும். 'நடந்து செல்லும் பாதை' என்று மட்டும் எழுதிவிட்டால், இரதமும் அன்னதானப் பொருள் ஏற்றி வரும் லாரியும் அவ்வழியே செல்ல உரிமை உண்டா என்ற சர்ச்சை நாளை எழும். பாதையின் அகலம், வாகனங்கள் செல்லும் உரிமை, இரவு நேரப் பயன்பாடு, நீர்க்குழாயும் மின்கம்பியும் கொண்டு செல்லும் வசதி, பராமரிப்புச் செலவு ஆகிய அனைத்தும் தெளிவாக இடம்பெற வேண்டும். பிறர் நிலத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளும் உரிமையோ, அதன் ஒரு பகுதியைத் தனதாக வைத்துக்கொள்ளும் உரிமையோ இதில் அடங்காது என்பதையும் மறந்துவிடலாகாது. பாதையோரம் பந்தல் போடவும் வாகனங்கள் நிறுத்தவும் தனி ஏற்பாடு தேவைப்படும்.

இங்கேதான் பெரிய முடிச்சு இருக்கிறது. வசதியுரிமை என்பது ஒரு நிலத்திற்கும் மற்றொரு நிலத்திற்கும் இடையிலான உறவு. ஆலயம் நிற்கும் நிலத்திற்கே பட்டா இல்லையென்றால், வழிக்கான உரிமையை எதனோடு இணைப்பது? தோட்டத்து நிலத்தில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு எழுந்து, பின்னர் எழுத்தில் எதுவும் பெறாமல் விடப்பட்ட ஆலயங்கள் எத்தனையோ உண்டு. தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை, அதாவது 'டி.ஓ.எல்.'ஐ, சொந்த நிலத்துக்கான பத்திரமாகக் கருதும் நிர்வாகங்களும் உண்டு. அவ்வுரிமம் ஆண்டிறுதியோடு காலாவதியாகும், புதுப்பிக்கப்பட வேண்டும், பிறர் பெயருக்கு மாற்றவும் இயலாது. ஆகவே, முதலில் நிலம், அடுத்து வழி என்ற வரிசையில் முயற்சிகள் அமைய வேண்டும்.

பட்டா இருந்தும் பக்கத்து நிலத்துக்காரர் இணங்க மறுத்தால் சட்டத்தின் 28ஆம் பகுதி உதவிக்கு வருகிறது. பட்டா பெற்ற நிலம் பொதுச் சாலையை அடைய வழியின்றி முடங்கிக் கிடந்தால், மாவட்ட நில நிர்வாகியிடம் விண்ணப்பம் செய்யலாம். அவர் விசாரணை நடத்தி, தேவை என்று கண்டால், பிறர் நிலத்தின் வழியே வழியுரிமையை உருவாக்கும் அதிகாரத்தை 390ஆம் பிரிவு அளிக்கிறது. தனியார் வழியுரிமை, பொது வழியுரிமை என அது இருவகைப்படும். பாதிப்புக்கு இழப்பீடு செலுத்த வேண்டி வரலாம். சாலையின் நடுவே நின்று கதவை உடைப்பதைக் காட்டிலும் இவ்வலுவலகத்தின் கதவைத் தட்டுவது ஆலயத்தின் மாண்புக்கும் பாதுகாப்புக்கும் உகந்தது.

எல்லாவற்றிலும் சிறந்த தருணம், நிலம் பிரிக்கப்படும் தருணமே. பிரிக்கப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் சாலையை அடையப் போதிய வழி இருக்க வேண்டும் என்பது 136ஆம் பிரிவின் நிபந்தனைகளுள் ஒன்று. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறுவதற்கு முன்பே ஆலயத்திற்கென ஒரு பகுதியைத் தனியே பிரித்துத் தருமாறு உரிமையாளரிடமும் மேம்பாட்டு நிறுவனத்திடமும் பேச வேண்டும். அவர்கள் எழுத்து மூலம் இணங்கியபின் பட்டா கிடைக்கத் தாமதமானால், 323ஆம் பிரிவின்படி தனியார் கேவியட் பதிவு செய்வது பற்றி வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறலாம். வேளாண் நிலம் என்ற நிபந்தனை பட்டாவில் இருந்தால், அதனை மாற்றுவதும் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் அனுமதி பெறுவதும் அடுத்த கட்டங்களாகும்.

நிலமும் வழியும் கிடைத்தபின் அவை யார் பெயரில் இருக்கின்றன என்பதும் முக்கியம். நல்லெண்ணத்தோடு தலைவர் பெயரில் எழுதப்பட்ட நிலம், அவர் மறைந்தபின் அவருடைய குடும்பச் சொத்தாகக் கணக்கிடப்பட்டு, வாரிசுகளுக்கும் ஆலயத்திற்கும் இடையே வழக்கை மூட்டக்கூடும். 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டம், பதிவு பெற்ற சங்கத்தின் பெயரிலேயே அசையாச் சொத்தைப் பதிவு செய்ய இடமளிக்கிறது. பத்திரங்களில் பொறுப்பாளர் மூவர் கையொப்பமிடலாம். சமயக் குழுக்கள் சொத்துகளைப் பெற்று, வைத்து, சட்டப்படி நிர்வகிக்கும் உரிமையைக் கூட்டரசு அரசமைப்பின் 11ஆம் விதி உறுதி செய்கிறது. அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது ஆலயத்தாரின் கடமை.

நகரத் திட்டத்திற்காக ஆலயம் இடம் மாறுவதும் இந்த வட்டாரத்திற்குப் புதிதன்று. சிங்கப்பூரில் நாராயண பிள்ளைக்கு ஆலயம் எழுப்ப முதலில் தெலோக் ஆயர் வீதியில் இடம் தரப்பட்டது. நல்ல நீர் இல்லாமையால் அது கைவிடப்பட்டது. 1821இல் கிடைத்த இடம் 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தோடு பொருந்தவில்லை. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் வழங்கப்பட்ட இடத்தில் 1827இல் எழுந்ததே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தின் தொடக்கம். அண்மையில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில், ஏறத்தாழ 130 ஆண்டுகள் பழமையானதாகக் கூறப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலத்தை மாநகராட்சி 2014இல் தனியார் நிறுவனத்திற்கு விற்றிருந்தது. பதற்றத்திற்கும் பேச்சுவார்த்தைக்கும் பின், 2025 மார்ச் மாதத்தில், சுமார் 50 மீட்டர் தொலைவிலுள்ள மாற்று இடத்திற்கு மாற இணக்கம் காணப்பட்டது. ஆலயத்தின் வயதை மட்டும் கொண்டு நிலத்தைக் காத்துவிட முடியாது என்பதை அந்நிகழ்ச்சி நாடறியச் செய்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்களையே வாங்கினர். நிலம் பிறர் கையில் இருந்தால் வாழ்வும் வழிபாடும் பிறர் தயவில்தான் நிற்கும் என்பதை அத்தலைமுறை உணர்ந்திருந்தது. அதே உணர்வு இன்றைய ஆலய நிர்வாகங்களுக்கும் தேவை.

எனவே, இவ்வாண்டுத் திருவிழாக் கணக்கு முடிந்து நடைபெறும் பொதுக் கூட்டத்தில், நிலமும் வழியும் ஒரு தனித் தீர்மானமாக இடம்பெறட்டும். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம்; ஆலய நிலத்திற்கும் பாதை செல்லும் ஒவ்வொரு நிலத்திற்கும் அத்தேடலை முதலில் செய்யட்டும். பக்கத்து நிலத்தார் யாராயினும், எச்சமயத்தவராயினும், அவர்களோடு உறவு நன்றாக இருக்கும்போதே பேசி, எழுதி, பதிவு செய்துகொள்ளட்டும். அவர்களுக்கும் தங்கள் நிலத்தின் மீது உரிமை உண்டு என்பதை மதித்தே அப்பேச்சு அமைய வேண்டும். புரவலர்கள் ஒரு நாள் உபயத்திற்கு வழங்கும் தொகையில் ஒரு பங்கை நில அளவைக்கும் வழக்கறிஞர் கட்டணத்திற்கும் ஒதுக்கினால், அதுவும் அம்பாளுக்குச் செய்யும் திருப்பணியே ஆகும்.