யாராவது ஒருத்தர்

நமக்கு ரிசர்வ் வங்கி மாதிரி பிரிட்டனுக்கு பேங்க் ஆஃப் இங்கிலாந்து. அதன் தலைமைப் பொருளாதார நிபுணர் ஹியூ பில். 2023 ஏப்ரலில் ஓர் அமெரிக்கச் சட்டக் கல்லூரியின் பாட்காஸ்ட்டில் இவர் பேசியதன் சாரம் இதுதான்: ‘நாம் முன்பைவிட ஏழையாகிவிட்டோம் என்பதை பிரிட்டனில் யாராவது ஒருத்தர் ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். சம்பளத்தை ஏற்றச் சொல்லியும், சரக்கு விலையை ஏற்றியும் பழைய வசதியை மீட்கப் பார்ப்பதை நிறுத்தவேண்டும்.’

அவர் இதைச் சொன்ன சமயத்தில் பிரிட்டனில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஒரே வருடத்தில் சுமார் 19 சதவீதம் ஏறியிருந்தது. பாலும் ரொட்டியும் வாங்கப் போன ஜனங்கள் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு பாதியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். மனுஷர் பெயர் வேறு பில். மாத்திரை! கசப்பு மாத்திரையை விழுங்கு என்பது அந்த ஊர்ப் பழமொழி. இதற்கு மேல் பொருத்தமாக ஒரு பெயரை நாவலாசிரியர் வைத்திருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

என் பிரச்னை மாத்திரையில் இல்லை. அந்த ‘யாராவது ஒருத்தர்’ இருக்கிறாரே, அவரில்தான்.

கஷ்டத்தை ஏற்றுக்கொள் என்று சொல்ல ஆங்கிலத்தில் வண்டி வண்டியாகச் சொற்றொடர்கள் இருக்கின்றன. பைட் த புல்லட். ஃபேஸ் த மியூசிக். (எந்தக் கச்சேரி, யார் வாசித்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.) சக் இட் அப். கெட் ஓவர் இட். டைட்டன் யுவர் பெல்ட். இப்போது எல்லோர் வாயிலும் புரள்கிற இட் ஈஸ் வாட் இட் ஈஸ். நாம் ‘விதி’, ‘தலையெழுத்து’ என்று சொன்னால் அது கீழை நாட்டு மூடநம்பிக்கை, சோம்பேறித்தனம். அதையே அவர்கள் சொன்னால் யதார்த்த உணர்வு, மனமுதிர்ச்சி. நல்ல கதையாக இருக்கிறதே?

ஒரு வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. நம்ம ஊரில் பெரும்பாலும் அடிபட்டவன்தான் தலையில் கைவைத்துக்கொண்டு ‘என் தலையெழுத்து’ என்பான். அந்தப் பக்கம், இந்த வார்த்தைகள் பெரும்பாலும் அடிபடாதவர் வாயிலிருந்து அடிபட்டவர் காதுக்குப் போகின்றன.

பைட் த புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டாவைக் கடி. போர்க்களத்தில் மயக்க மருந்து கிடையாது, காலை வெட்டும்போது சிப்பாய் பல்லுக்கு நடுவே தோட்டாவை வைத்துக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தான் என்று வீரகதை மாதிரி சொல்வார்கள். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுவார்கள். ஆனால் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1796-ம் வருடப் பதிப்பில் வேறு சங்கதி இருக்கிறது. அங்கே சிப்பாய் தோட்டாவைக் கடிப்பது அவனுடைய ராணுவமே அவனைக் கட்டிவைத்து சவுக்கால் அடிக்கும்போது! அலறினால் மானக்கேடு. சகாக்கள் ‘நைட்டிங்கேல்’ என்று பட்டம் கட்டிவிடுவார்கள், பாடுகிற பறவையாம். அதனால் சத்தம் வராமலிருக்க வாயில் ஒரு தோட்டா. பிரிட்டிஷ் ராணுவத்தில் சவுக்கடி ஒழிந்தது 1881-ல்தான்.

ஆக, எதிரி கொடுத்த காயமில்லை அது. பக்கத்தில் நிற்கிற மேலதிகாரி கொடுத்தது. சவுக்கு கீழே இறங்கினால் தோட்டாவே தேவையில்லை. இன்றைக்கும் ஒரு கம்பெனி அதிகாரி ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ‘வீ ஹாட் டு பைட் த புல்லட்’ என்கிறார். கவனியுங்கள், ‘நாங்கள்’ கடித்தோமாம். கடித்தவன் அட்டைப் பெட்டியில் சாமான்களை அள்ளிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்கிறான்.

இட் ஈஸ் வாட் இட் ஈஸ் இன்னும் சௌகரியம். அது அப்படித்தான் இருக்கிறது, அவ்வளவுதான். செய்தவன் யார், எப்போது, எதற்காக, ஒன்றும் கிடையாது. 2020 ஆகஸ்டில் ஒரு டி.வி. பேட்டியில் டிரம்ப்பைக் கேட்டார்கள்: கொரோனாவில் தினமும் ஆயிரம் அமெரிக்கர்கள் சாகிறார்களே? ஆமாம், சாகிறார்கள், இட் ஈஸ் வாட் இட் ஈஸ் என்றார். 2003 ஏப்ரலில் பாக்தாத் சூறையாடப்பட்டபோது பாதுகாப்பு மந்திரி ரம்ஸ்ஃபெல்ட் சொன்னது ஸ்டஃப் ஹேப்பன்ஸ். நடக்கும்தான் என்று அர்த்தம். படையெடுத்துப் போனது யார் ராணுவமோ?

பில் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கணக்கு தப்பில்லை. நான் பி.காம். என்பதால் அந்தக் கணக்கை மதிக்கிறேன். பிரிட்டன் தனக்கு வேண்டிய எரிவாயுவில் கணிசமான பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு எரிவாயு விலை எகிறியது. நீங்கள் வாங்குகிற பொருளின் விலை ஏறி, விற்கிற பொருளின் விலை அந்த அளவுக்கு ஏறாவிட்டால் நீங்கள் ஏழையாகிறீர்கள். குடும்பத்துக்கும் அதே, தேசத்துக்கும் அதே. எல்லோரும் சம்பளத்தை ஏற்றி, எல்லோரும் விலையை ஏற்றினால் போன எரிவாயுக் காசு திரும்பி வராது. இதுவரை சரி.

ஆனால் கணக்கு ஒரு மொத்த நஷ்டத்தைத்தான் சொல்கிறது. அதை யார் தலையில் எழுதுவது என்று கணக்கு சொல்லவே சொல்லாது. ஒவ்வொரு டெபிட்டுக்கும் எங்கேயோ ஒரு கிரெடிட் உண்டு என்பது முதல் வருஷப் பாடம். அதே 2022-ல் லண்டனில் தலைமையகம் வைத்திருக்கும் ஷெல் கம்பெனியின் லாபம் கிட்டத்தட்ட 4,000 கோடி டாலர். அதன் சரித்திரத்திலேயே அதிகம். பிபிக்கு சுமார் 2,770 கோடி. விலையை ஏற்றுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்று பில் வாதாடலாம், சொன்னார்தான். ஆனால் சம்பளத்தை அழுத்திப் பிடிக்க அரசாங்கத்திடம் கை இருந்தது. விலையைப் பிடிக்க அதே வேகத்தில் கை நீளவில்லை.

இந்த உபதேசத்தை முதலில் செய்தவர் பில்லும் இல்லை. 2022 பிப்ரவரியிலேயே வங்கியின் கவர்னர் ஆண்ட்ரூ பெய்லி, பெரிய சம்பள உயர்வு கேட்காமல் கட்டுப்பாடு காட்டுங்கள் என்று தொழிலாளர்களுக்கு புத்தி சொன்னார். அவர் வாங்கியது ஓய்வூதியச் சலுகையையும் சேர்த்து வருடத்துக்கு 5,75,000 பவுண்டுக்கு மேல். சார், உங்களுக்கென்ன!

‘நாம் எல்லோரும் இதில் ஒன்றாக இருக்கிறோம்’ என்பது 2010-ல் ஆட்சிக்கு வந்த கேமரூனும் அவருடைய நிதியமைச்சர் ஆஸ்போர்னும் சொல்லிச் சொல்லித் தேய்த்த வாசகம். வருடத்துக்கு 21,000 பவுண்டுக்கு மேல் வாங்கிய அரசு ஊழியர்களுக்கு இரண்டு வருடம் சம்பளத்தை உறையவைத்தார்கள். 2011 ஜனவரியில் வாட் வரியை பதினேழரையிலிருந்து 20 சதவீதமாக்கினார்கள். எல்லாரும் தோட்டாவைக் கடிக்கவேண்டும் அல்லவா? 2012 பட்ஜெட்டில் பெரும் பணக்காரர்களின் வருமான வரியை 50-லிருந்து 45 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த ஒன்றாக இருத்தலில் சிலருக்கு மட்டும் மெத்தை போட்டிருந்தார்கள்.

வேறு வழியே கிடையாது என்பதை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் தாட்சர் அம்மையார். அவர் அடிக்கடி சொன்னதால் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டினா’ என்றே பத்திரிகைகளில் பெயராகிவிட்டது. பிரபுவுக்கும் பெருக்குகிறவருக்கும் ஒரே தலைவரி என்று ஒன்று கொண்டுவந்தார். 1989-ல் ஸ்காட்லாந்தில், 1990-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும். ஜனங்கள் கட்டமாட்டோம் என்றார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கம் ரணகளமானது. நவம்பரில் அம்மையாரே பதவி விலகினார். 1993-ல் அந்த வரி போய் வேறு வரி வந்தது. வேறு வழி இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதில் நமக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கியிருக்கிறது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1874-ல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கி ஜனங்களைப் பிழைக்கவைத்தார். பாராட்டு கிடைக்கவில்லை. துரைமார்களிடமிருந்து ஊதாரி என்ற பட்டம்தான் கிடைத்தது. 1877-ல் சென்னை மாகாணம் பட்டினியில் சாகும்போது அதே டெம்பிளை வைசிராய் லிட்டன் இங்கே அனுப்பினார். இந்தத் தடவை மனுஷர் பாடம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நாள் பூரா கல்லுடைக்கிற ஆண்பிள்ளைக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும். சந்தையின் விதியை மீற முடியாது, கஜானாவின் நிலைமை இது, ஏற்றுக்கொள்ளவேண்டும். ஏற்க மறுத்தவர் ஒரு வெள்ளைக்காரரேதான். மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ், இதில் உடம்பு நிற்காது என்று எழுதி எழுதி மல்லுக்கட்டினார். அந்த வருடமே அளவைக் கூட்டவேண்டி வந்தது. லட்சக்கணக்கில் செத்தவர்களுக்கு அது போதவில்லை.

ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியவை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாவு இருக்கிறது, மூப்பு இருக்கிறது, தீராத வியாதி இருக்கிறது. அந்த இடத்தில் ஆங்கிலத்திலேயே ஒரு நல்ல சொற்றொடர் உண்டு: கம் டு டெர்ம்ஸ். டெர்ம்ஸ் என்றால் நிபந்தனைகள். இரண்டு தரப்பு உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருகிற மாதிரி, மெதுவாக, அவரவர் வேகத்தில். புற்றுநோய் வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டாக்டர் அப்படிச் சொன்னால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எரிவாயு பில்லையும் எமனையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களிடம்தான் சண்டை.

2023 மே மாதம் பில்லிடம் இது பற்றிக் கேட்டார்கள். மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் கொஞ்சம் வேறு வார்த்தைகளில் சொல்வேன் என்றார். வார்த்தைகள்! அதே அக்டோபர் கடைசியில் பிரிட்டனில் வங்கி அதிகாரிகளின் போனஸுக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தின் இளநிலை மருத்துவர்கள் அந்த ‘யாராவது ஒருத்தர்’ நாங்களில்லை என்றார்கள். 2023 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கஜானா தாங்காது என்று அன்றைய அரசாங்கம் அடித்துச் சொன்னது. நோயாளிகள் கஷ்டப்பட்டார்கள், ஆபரேஷன்கள் தள்ளிப்போயின, திட்டும் வாங்கினார்கள். ஆட்சி மாறி, 2024 செப்டம்பரில் இரண்டு வருடத்துக்குச் சேர்த்து சராசரியாக 22 சதவீத உயர்வை ஒப்புக்கொண்டார்கள். கஜானா கவிழ்ந்துவிடவில்லை. இன்னும் போதாது என்று 2025 ஜூலையில் மறுபடி வேலைநிறுத்தம் செய்தார்கள்.