ஜன்னலுக்கு வலை அடிப்பது பக்கத்து வீட்டாருக்காகவும்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. மாரி தொடங்குவதற்கு முன் வாசித்துவிடுங்கள்.

கிழக்கில் இருக்கிற நமக்கு மாரி என்றால் வெள்ளம் மட்டுமல்ல, டெங்கும்தான். அந்த மாதங்களில் வகுப்பு இடாப்பைத் திறந்தாலே ஊரின் நிலைமை தெரிந்துவிடும். ஒரு மேசையில் ஒரு பிள்ளை வராது. அடுத்த கிழமை அதே ஒழுங்கையில் இருந்து வருகிற இன்னும் இரண்டு பிள்ளைகள் வரமாட்டார்கள்.

2017ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு. 400க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு காய்ச்சலும் அடுத்தடுத்து ஜனாஸாக்களுமாக இருந்த அந்த மார்ச் மாதத்தை அங்குள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் நாம் செய்வது ஒன்றுதான். "புகை அடிக்க வரல்லையே" என்று வட்ஸ்அப் குறூப்பில் எழுதுகிறோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அவசர அவசரமாக வளவைக் கூட்டுகிறோம். புகை அடிப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புகை அந்த நேரம் பறந்து திரிகிற நுளம்பை மட்டும்தான் கொல்லும். தண்ணீரில் கிடக்கிற குடம்பிக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. நாலைந்து நாளில் அடுத்த கூட்டம் பறந்து வந்துவிடும்.

நான் பேச வந்தது நம்முடைய ஜன்னல்களைப் பற்றி.

நம் மூத்தம்மாமார் காலத்தில் கட்டிலுக்கு மேல் நுளம்பு வலை கட்டினார்கள். அது மலேரியாக் காலம். மலேரியாவைப் பரப்புகிற நுளம்பு பெரும்பாலும் இரவில் கடிக்கும். ஆகவே கட்டிலுக்கு வலை கட்டியது சரியான வேலை. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. அந்த வெற்றியில் கட்டில் வலைக்கும் பங்குண்டு.

டெங்கு நுளம்பு அப்படியல்ல. அது பகலில் கடிக்கும். விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரமும், அஸருக்குப் பிறகு பொழுது படும் வரையும் அதற்கு நல்ல வேட்டை நேரம். நாமோ மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போதுதான் ஓடிப் போய் ஜன்னலை மூடுகிறோம். அதற்குள் வர வேண்டியது வந்து, கட்டிலுக்குக் கீழேயும் திரைக்குப் பின்னாலேயும் தொங்குகிற உடுப்புகளிலும் குந்திவிடும். பகல் முழுக்க யாரும் கட்டில் வலைக்குள் இருக்க முடியாது. வலையைக் கட்டிலில் இருந்து ஜன்னலுக்குக் கொண்டுபோக வேண்டிய காலம் இது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

நுளம்பு பிறக்கும்போது பொதுவாக டெங்கு இல்லாமல்தான் பிறக்கிறது. டெங்குக் காய்ச்சலோடு படுத்திருக்கிற ஒருவரைக் கடித்த பிறகுதான் கிருமி அதற்குள் போகிறது. எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் அளவில் அந்த நுளம்பு மற்றவர்களுக்குப் பரப்பத் தயாராகிவிடும். பிறகு சாகும் வரை பரப்பும். அது தூரமும் போகாது. பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே, பிறந்த வளவைச் சுற்றியே அதன் வாழ்க்கை முடிந்துவிடும்.

இதை நம் ஊர்களோடு வைத்துப் பாருங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. என் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிற பிள்ளையைக் கடித்த நுளம்பு ஜன்னலால் வெளியேறினால் முதலில் போவது உங்கள் வீட்டுக்குத்தான். ஆகவே என் ஜன்னலில் இருக்கிற வலை என் பிள்ளையை மட்டும் காப்பாற்றவில்லை. என் பிள்ளையின் நோய் உங்கள் பிள்ளைக்குப் போகாமலும் தடுக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி எத்தனையோ குத்பாக்கள் கேட்டிருக்கிறோம். கறி ஆக்கினால் ஒரு கோப்பை கொடுத்தனுப்புகிறோம், அல்ஹம்துலில்லாஹ். நோயைக் கொடுத்தனுப்பாமல் இருப்பதும் அதே உரிமையில் சேர்ந்ததுதான்.

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக ஓடுகிற ரியோ கிராண்டே ஆற்றின் இரு கரையிலும் இரண்டு நகரங்கள் இருக்கின்றன. ஒரு கரையில் லாரடோ, மறு கரையில் நுவோ லாரடோ. 1999இல் அங்கு டெங்கு பரவியபோது ஆய்வாளர்கள் இரு பக்கமும் போய்ப் பார்த்தார்கள். நுளம்பு கூடுதலாக இருந்தது அமெரிக்கப் பக்கத்தில். டெங்கு கூடுதலாக இருந்ததோ மெக்சிகோப் பக்கத்தில். காரணம் வீடுகள். அமெரிக்கப் பக்கத்து வீடுகள் ஏசி போட்டு மூடியிருந்தன. நம் எல்லோராலும் ஏசி போட முடியாது, கரண்ட் பில்லும் தாங்காது. ஆனால் அதில் இருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம், நுளம்புக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும் என்பது. நமக்குக் கட்டுப்படியான தடுப்பு வலைதான்.

இதைச் சொன்னால் வருகிற பதில்கள் எனக்குத் தெரியும்.

"காத்து வராதே சேர்." கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் வலை இல்லாதபடியால் நாலரை மணிக்கே ஜன்னலை இறுக்கி மூடி, நுளம்புச் சுருளைக் கொளுத்தி, அந்தப் புகைக்குள் சளிப் பிள்ளையைப் படுக்க வைக்கிறோமே, அப்போது எந்தக் காற்று வருகிறது? வலை இருந்தால் இரவு முழுக்க ஜன்னல் திறந்திருக்கலாம். அங்குலத்துக்கு 16க்கு 18 கண் உள்ள சாதாரண பைபர் வலை போதும். அதைவிட நெருக்கமானதை வாங்கினால்தான் காற்று நன்றாக மறிபடும். தூசி அடைத்தாலும் மறிபடும், அதனால் மாதம் ஒரு தடவை கழுவ வேண்டும். கடற்கரைப் பக்கம் இரும்புக் கம்பி வலை வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும்.

"கதவு தொறந்துதானே கெடக்கு." பத்து வழியில் எட்டை அடைத்தாலும் லாபம்தான். ஜன்னலுக்கு மேலே இருக்கிற காற்றுத் துவாரம், குளியலறை ஜன்னல், குசினி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, இவற்றையும் பாருங்கள். ஓட்டு வீட்டில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. அங்கே பகலில் தூங்குகிற குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் கட்டில் வலை கட்டாயம்.

"செலவு." மகளுக்கு வீடு கட்டும்போது நம் ஊரில் என்ன செய்கிறோம்? கேற்றுக்கு டிசைன், தரைக்குப் பளபளக்கும் டைல்ஸ், சீலிங்கில் வட்டம் வட்டமாக லைட். கடன்பட்டாவது செய்கிறோம். ஓடாவி ஜன்னல் நிலை செய்யும்போதே வலைச் சட்டத்துக்கும் ஓர் இடம் விடச் சொன்னால் பெரிய காசு போகாது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிற கேற்றை விட, பேரப்பிள்ளை தூங்குகிற அறையின் ஜன்னல் முக்கியமில்லையா? கட்டி முடிந்த வீடு என்றால் வெல்குரோ பட்டி ஒட்டி உள்பக்கமாக வலையைப் பொருத்தலாம். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் செய்து முடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வலை அடித்த வீட்டுக்குள் தண்ணீர் தேங்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூச்சாடி, மூடாத வாளி, பாவிக்காத குளியலறை, இவற்றில் குடம்பி இருந்தால் நாமே கூடு கட்டி நுளம்பு வளர்த்தது போலாகிவிடும். கிழமைக்கு ஒரு தடவை கட்டாயம் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, நுளம்பு பெருக இடம் கொடுத்தால் வழக்கு வரும். வலை அடிக்காவிட்டால் எந்தச் சட்டமும் கேட்காது. அதை மனச்சாட்சிதான் கேட்க வேண்டும்.

கடைசியாக, ஊருக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் இருப்பது அஸர் முதல் மஃரிப் வரை. அது டெங்கு நுளம்பு கடிக்கிற நேரம். பாலர் பாடசாலைகளில் இருப்பது காலை நேரம். அதுவும் அப்படித்தான். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வெளிநாட்டில் இருக்கிற நம் சகோதரர்களும் இந்த மாரிக்கு முன் இந்த இரண்டு இடங்களின் ஜன்னல்களையும் பொறுப்பெடுக்கலாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் வலை வாங்க முடியாத விதவைகளின் வீடுகள், கூலி வேலை செய்பவர்களின் வீடுகள் எத்தனை என்று எண்ணினால் அது பெரிய பட்டியலாக இருக்காது. அந்த வீடுகளின் ஜன்னல் திறந்து கிடக்கும் வரை நம் வீட்டு வலை பாதி வேலைதான் செய்யும்.

உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் வலை இருக்கிறது? எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள். வலை பொருத்தத் தெரிந்த இளைஞர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், சேர்ந்து வேலையைத் தொடங்குவோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.