சலூன் வேலை நோகாத வேலையா?

வெயிலில்லை, மழையில்லை, மூட்டை தூக்க வேண்டியதில்லை. சலூன் வேலையைப் போல நோகாத வேலை உண்டா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நாள் முழுக்கக் கலர் போடும் ஒருவரின் விரலிடுக்குகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

"அதே டையைத்தானே நாங்களும் வருஷக்கணக்காகப் போடுகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகலையே!" என்பது முதல் வாதம். நீங்கள் மாதம் ஒருமுறை போடுகிறீர்கள். அவர் தினமும் பலருக்குக் கலக்கி, பூசி, அலசிவிடுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-ல் வெளியிட்ட மதிப்பீடு இந்த இருவரையும் தனித்தனியாகவே பார்த்தது. சொந்தத்துக்கு டை போடுபவர்கள் விஷயத்தில் முடிவு சொல்லப் போதிய சான்றில்லை என்றது. முடிதிருத்தும் தொழிலை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை அடங்கிய 2ஏ பிரிவில் வைத்தது. அதற்கு அடிப்படையான சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சான்று இன்னும் முழுமையானதல்ல, உண்மைதான். ஆனால் கரப்பானிலும் ஆஸ்துமாவிலும் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. டையிலுள்ள பிபிடி என்ற ரசாயனம் ஒருவருக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் ஒவ்வாது. பிளீச் பவுடரைக் கலக்கும்போது பறக்கும் பெர்சல்பேட் தூசி மூச்சுக்குழலைத் தாக்கும்.

கையுறை போட்டால் தீர்ந்தது என்கிறார்கள். பூசும்போது போடுகிறார்கள், அலசும்போதும், கலர் போட்ட முடியை வெட்டும்போதும் பெரும்பாலும் வெறுங்கைதான். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு கலர் போடலாம், அதற்குக் காசு செலவில்லை. தண்ணீரும் ஷாம்புவுமே தோலைக் கெடுக்கப் போதும்: நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால் ஜெர்மன் பாதுகாப்பு விதிகள் அதைத் தனி ஆபத்தாகவே கருதுகின்றன. தலை அலசும் வேலை தொழில் பழக வந்த பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது.

"இது ஃபார்மால்டிஹைடு இல்லாத கெரட்டின்" என்ற லேபிளையும் நம்புவதற்கில்லை. 2010-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அப்படி எழுதப்பட்டிருந்த முடி நேராக்கும் மருந்தைச் சோதித்தபோது அதில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்யப்பட்ட பொருள். சூடான அயர்ன் பட்டதும் வாயுவாகக் கிளம்புகிறது. ஏசி இருக்கிறதே என்றால், சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் புகையை வெளியே தள்ளும்.

ஒத்துக்கலைன்னா வேறு வேலை பார்க்கட்டுமே என்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். பல வருஷம் கைபழகிய தொழிலை விட்டு அவர் எங்கே போவார்? இரண்டு மூன்று பேர் நிற்கும் கடை இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டின் கட்டாய வரம்புக்குள்ளும் வராது. கரப்பானுக்கு வாங்கும் களிம்பும், வேலைக்குப் போகாத நாளின் கூலியும் அவர் கைக்காசு.